பி0171 வந்ததும் சென்சார் வாங்க ஓடாதீங்க மக்கா

வண்டி ஐடில்ல கெடந்து நடுங்குது, ஏசி போட்டா மூச்சு வாங்குது, செக் இன்ஜின் லைட்டு வேற எரியுது, ஸ்கேனர சொருகினா பி0171னு கோளாறு கோடு காட்டுது. இன்ஜின் லீனா ஓடுதுன்னு அர்த்தம், உள்ள போற காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்ல. இத பாத்த உடனே நம்மள்ல முக்காவாசி பேரு பண்றது ஆக்சிஜன் சென்சார மாத்துறதுதான். நானும் அதத்தான் பண்ணேன், மார்த்தாண்டத்துல ஒரு கடையில நாலாயிரத்து சொச்சம் குடுத்து புதுசு வாங்கி போட்டு வீட்டுக்கு வரதுக்குள்ள தக்கலையிலயே லைட்டு திரும்ப எரிஞ்சிட்டு. சென்சாரு பாவம், சைலன்சர்ல ஆக்சிஜன் கூட இருக்குன்னு சேதி சொல்லுது, சேதி சொன்னவன அடிச்சி என்ன புண்ணியம்?

அடுத்த தப்பு, கோட பாத்த கையோட அழிக்கிறது, இல்லன்னா பேட்டரிய கழட்டி மாட்டுறது. கோடு விழுந்த நேரத்துல ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஒரு போட்டோ மாதிரி பிடிச்சி வச்சிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஸ்கேனர்ல இருக்கும், அழிச்சா அதுவும் போயிரும், பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டி குறைச்சி குடுக்கணும்னு இசியு கத்துக்கிட்ட ஃப்யூவல் ட்ரிம்மும் போயிரும். முதல்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, அழிக்கிறதெல்லாம் ரிப்பேருக்கு அப்புறம்.

பின்ன இந்த ஃப்யூவல் ட்ரிம்முதான் விஷயமே. அப்பப்போ மாறுற ஷார்ட் டெர்ம், கத்துக்கிட்ட லாங் டெர்ம் ரெண்டையும் கூட்டி பாக்கணும், ஒண்ண மட்டும் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லக்கூடாது. கூட்டுத்தொகை பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா பெருசா பயப்பட வேண்டாம், இருபதுக்கு மேல போனா இசியு திணறுதுன்னு அர்த்தம். ஆனா நிறைய பேரு வண்டிய நிப்பாட்டி வச்சி ஐடில்ல மட்டும் பாக்காங்க. ஐடில்ல பாருங்க, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சி பாருங்க, அப்புறம் பேச்சிப்பாறை பக்கம் ஒரு ஏத்தத்துல பக்கத்துல ஆள வச்சி ஸ்கேனர பாக்க சொல்லிட்டு மிதிச்சி ஓட்டுங்க. ஐடில்ல கூடவும் ஆர்பிஎம் ஏத்தினா குறையவும் செஞ்சா எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது. ஐடில்ல நல்லாருந்து லோடுல ஏறுனா பெட்ரோல் போதல, பம்பு, ஃபில்டர், ப்ரஷர்னு பாக்கணும், இல்லன்னா உள்ள போற காத்த அளக்குற ஏர் ஃப்ளோ சென்சாரு அழுக்கா இருக்கும்.

எனக்கு கூட்டுத்தொகை ஐடில்ல 22, 2500ல 7. இத முதல்லயே பாத்திருந்தா சென்சார் காசு மிச்சம். நாகர்கோவில்ல ஒரு மெக்கானிக் ஆசான்கிட்ட கொண்டு போனா, அவரு ஸ்கேனர ஒரு தடவ பாத்துட்டு கீழ வச்சாரு, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில கைய விட்டு தடவினாரு. பிசிவி ஹோஸ் எல்போ, இன்ஜின் உள்ள இருக்க ஆவிய இன்டேக்குக்கு கொண்டு போற ரப்பர் வளைவு, ஆயில் குடிச்சி குடிச்சி பழைய செருப்பு வாரு மாதிரி கொழகொழன்னு ஆயிருக்கு, மேல இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கு, அடிப்பக்கம் ஒரு இஞ்சுக்கு கீறல். அத கட்டிங் பிளேயரால இறுக்கி பிடிச்ச உடனே அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் நின்னுச்சி, நடுக்கமும் நின்னுச்சி. இருநூறு ரூவா ரப்பரு.

ஆனா ஒண்ணு, என் வண்டியில மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கு, லீக்ல போற காத்த அது அளக்காது, அதனாலதான் இந்த கணக்கு சரியா வந்துது. நம்ம ரோட்டுல ஓடுற சின்ன பெட்ரோல் கார் நிறைய மேனிஃபோல்டு ப்ரஷர அளக்குற மேப் சென்சார் வச்ச வண்டி, அதுல காத்து லீக் ஆனா மேனிஃபோல்டு ப்ரஷர் ஏறும், இசியு அத பாத்து பெட்ரோலும் சேத்து குடுத்துரும், ட்ரிம்மு பெருசா மாறாது, ஐடில் ஆர்பிஎம்தான் ஏறி நிக்கும். வெளிநாட்டு வீடியோவ பாத்துட்டு மேப் வண்டியில வேக்கம் லீக் தேடி நாள் முழுக்க காய்ஞ்சவங்கள எனக்கு தெரியும். அந்த வண்டி லீன் காட்டினா முதல்ல பெட்ரோல் பக்கம் போங்க. லீக் தேடுறேன்னு சூடான சைலன்சர் பக்கம் கார்ப் கிளீனர அடிச்சி தீ வச்சிராதீங்க, புகை விட்டு பாக்குறதுதான் நல்லது.

குளச்சல், முட்டம்னு கடக்கரையில நிக்கிற வண்டின்னா இன்னொண்ணும் பாக்கணும். உப்புக்காத்துல எக்ஸாஸ்ட் ஜாயிண்டு துருவேறி சென்சாருக்கு முன்னாடி லேசா ஓட்ட விழுந்தா வெளிக்காத்து உள்ள இழுக்கும், இன்ஜின் லீனே இல்ல, சென்சாருக்கு மட்டும் லீனா தெரியும், இசியு சும்மா பெட்ரோல கொட்டும். காலைல ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் நின்னா சந்தேகப்படுங்க. பிளக் மிஸ் அடிச்சாலும் இதே கததான், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளிய வருது.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலு மேல பழிய போடுறதும் இப்ப ஃபேஷன். சுத்த பெட்ரோலுக்கு காத்து 14.7க்கு பெட்ரோல் 1ன்னா இ20க்கு சுமாரா 13.5, அதனால பழைய வண்டியில ட்ரிம்மு ஒரு எட்டு ஒம்பது வரைக்கும் ஏறும், ஒத்துக்கிறேன். இருபத்தி ரெண்டு ஏறாது.

கடைசியா ட்யூனிங் பைத்தியம். லீக்க அடைக்காம இசியுக்குள்ள இருக்க பெட்ரோல் கணக்கு டேபிள மாத்தி பெட்ரோல கூட்டினா, சும்மா ஓட்டும்போது இசியு அத திரும்ப குறைச்சிரும், ஃபுல்லா மிதிக்கும்போது மட்டும் பெட்ரோல் கூடி ரிச்சா போகும், ரெண்டும் கெட்டான். ஃபேக்டரி நேரோ பேண்ட் ஆக்சிஜன் சென்சார வச்சி ட்யூன் பண்றவங்கள கண்டா கும்பிட்டுட்டு வந்துருங்க, அது சரியான கலவைக்கு மேலயா கீழயான்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. எவ்வளவுன்னு சொல்ற வைட் பேண்ட் மாட்டி லாம்ப்டால பாக்கணும், சரியான கலவைன்னா லாம்ப்டா 1, கீழ போனா ரிச், டர்போ இல்லாத வண்டிக்கு ஃபுல் த்ராட்டில்ல 0.87 பக்கம், இ20 போட்டாலும் லாம்ப்டா அதேதான். லோடுல லீனா விட்டா நாக்கிங்ல பிஸ்டன் போயிரும்.

ஹோஸ் மாத்தி, ட்ரிம்ம ரீசெட் பண்ணி, நாகர்கோவில் மார்த்தாண்டம் ரெண்டு நாள் போயிட்டு வந்து பாத்தேன், லாங் டெர்ம் 3ல நிக்குது. பழைய ஆக்சிஜன் சென்சாரு இன்னும் டிக்கில கெடக்கு, நல்ல சென்சாருதான்.