இயற்பியல் அடிப்படைகளைச் சோதிக்கும் வினாத்தாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேராக மேல்நோக்கி எறியப்பட்ட பந்து, பாதையின் உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு என்று உயர்நிலை வகுப்பு மாணவர்களிடம் கேட்டால், பலர் தயங்காமல் சுழி என்பார்கள். அதே பந்தை வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் எறிந்தால் அது எட்டும் பெரும உயரம் என்ன என்று கேட்டால், ஈர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொண்டு, சூத்திரத்தில் மதிப்புகளைப் பிரதியிட்டு, 20 மீட்டர் என்று சரியாகவே எழுதிவிடுவார்கள். உச்சி வரையிலும் முடுக்கம் மாறாது என்பதை அந்தக் கணக்கிலேயே பயன்படுத்தியிருக்கிறோம் என்பது அவர்கள் மனத்தில் படுவதில்லை. உச்சியில் முடுக்கம் சுழியாகி அப்படியே இருந்துவிட்டால், திசைவேகம் மாற வழியின்றிப் பந்து அங்கேயே நிற்க வேண்டியதுதான். வினாத்தாள் முழுவதும் இரண்டாம் வகை வினாக்களாலேயே நிரம்பியிருந்தால், முழு மதிப்பெண் வாங்கிய மாணவருக்கும் முடுக்கம் பிடிபடாமல் இருக்கலாம். திருத்தும் ஆசிரியருக்கு அது தெரியவே வராது.

சூத்திரத்தில் எண்களைப் போடும் திறனைக் கருத்துப் புரிதலாக எடுத்துக்கொள்வதுதான் வினாத்தாள் அமைப்பதில் மிகப் பரவலான தவறு. 1992-இல் டேவிட் ஹெஸ்டினஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்கமர் ஆகிய மூவரும் விசை பற்றிய புரிதலை அளக்க வெளியிட்ட 'ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி' என்னும் தேர்வில் கணக்கீடு எதுவும் கிடையாது. அன்றாடச் சூழல்களைச் சொல்லி, என்ன நிகழும் என்று மட்டுமே அது கேட்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர், இதற்கு முன்னோடியாக ஹெஸ்டினஸ் இணைந்து உருவாக்கிய தேர்வைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, நீங்கள் கற்றுத்தந்தபடி விடையளிக்க வேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி விடையளிக்க வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். கடினமான கணக்குகளைப் போடப் பழகியவர்களின் நிலையே அதுவென்றால், பள்ளி மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காகக் கணக்குகளை அறவே நீக்கிவிட வேண்டும் என்பதில்லை. 6 வோல்ட் மின்கலத்துடன் 2 ஓம், 4 ஓம் மின்தடைகளைத் தொடர் இணைப்பில் இணைத்து மின்னோட்டத்தைக் கேட்டால், பெரும்பாலோர் 1 ஆம்பியர் என்று எழுதுவார்கள். அதற்குக் கீழேயே, ஒரே மாதிரியான இரண்டு மின்விளக்குகளைத் தொடர் இணைப்பில் இணைத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும், ஏன் என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் விளக்கு மின்னோட்டத்தின் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்ற எண்ணம் எத்தனை பேர் மனத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிப்படும். தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்ற வரியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களிடமும் இந்த எண்ணம் இருப்பதுதான் வியப்பு.

கொள்குறி வினாக்களில் பெரும்பாலான கவனம் சரியான விடைக்கே போய்விடுகிறது. மற்ற மூன்று தெரிவுகளும் இடத்தை நிரப்புவதற்காக எழுதப்படுகின்றன. உண்மையில் அந்தத் தவறான தெரிவுகள்தாம் ஆசிரியருக்குச் செய்தி சொல்பவை. குவிலென்ஸ் ஒன்று திரையில் பிம்பத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. லென்ஸின் மேற்பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் என்ன ஆகும் என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். பிம்பத்தின் மேற்பாதி மறையும், கீழ்ப்பாதி மறையும், பிம்பமே தோன்றாது, முழுப் பிம்பமும் மங்கலாகத் தோன்றும் என்ற நான்கு தெரிவுகளில் கடைசியே சரி. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸ் முழுவதிலும் விழுவதால், மீதிப் பாதி வழியாகச் செல்லும் ஒளியே முழுப் பிம்பத்தையும் அமைத்துவிடுகிறது. கீழ்ப்பாதி மறையும் என்பவர், பிம்பம் தலைகீழாக இருக்கும் என்பதை அறிந்தவர். ஒளி பரவும் விதத்தில்தான் அவருக்குக் குழப்பம். மேற்பாதி மறையும் என்பவருக்கு அதுவும் தெளிவில்லாமல் இருக்கலாம். இத்தகைய தெரிவுகளை ஆசிரியர் தாமே கற்பனை செய்வதைவிட, அதே வினாவைத் தெரிவுகள் இல்லாமல் ஒரு வகுப்பில் கேட்டு, மாணவர்கள் எழுதியவற்றிலிருந்து எடுப்பது நல்லது. 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்ற நான்காம் தெரிவு இதற்கெல்லாம் ஈடாகாது.

ஊகித்து எழுதுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நான்கு தெரிவுகள் கொண்ட 20 வினாக்களில், எதையும் படிக்காமல் குறித்தாலும் சராசரியாக 5 சரியாக அமைந்துவிடும். விடைக்கு நான்கு தெரிவுகள், அதற்கான காரணத்துக்கு நான்கு தெரிவுகள் எனக் கொடுத்து, இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே மதிப்பெண் என்று வைத்தால், ஊகம் பலிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

வினாவே தவறாக இருப்பது இன்னும் மோசமானது. மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையையும், மேசை புத்தகத்தின்மீது மேல்நோக்கிச் செலுத்தும் விசையையும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டும் விடைக்குறிப்புகள் புழக்கத்தில் உண்டு. இரண்டும் ஒரே பொருளின்மீது செயல்படுபவை; செயலும் எதிர்ச்செயலும் வெவ்வேறு பொருள்களின்மீதே செயல்பட வேண்டும். பூமி புத்தகத்தை ஈர்க்கும் விசைக்கு இணையான எதிர்ச்செயல், புத்தகம் பூமியை ஈர்க்கும் விசையே. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதற்குக் காரணம் அங்கே ஈர்ப்பு விசை இல்லாததே என்ற விடைக்குறிப்பும் இதே வகையைச் சேர்ந்தது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஈர்ப்பு, தரைமட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. நிலையமும் வீரரும் பூமியை நோக்கிச் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் அவர் மிதக்கிறார். எடை 50 கிலோகிராம் என்று வினாவில் எழுதிவிட்டு, எடைக்கும் நிறைக்கும் வேறுபாடு தருக என்று அடுத்த பக்கத்தில் கேட்பதில் நியாயம் இல்லை.

சொல்நடையால் வரும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'பின்வருவனவற்றுள் எது சரியல்லாத கூற்று அன்று' போன்ற வினாக்கள் இயற்பியலைச் சோதிப்பதில்லை, பொறுமையைத்தான் சோதிக்கின்றன. உராய்வைப் புறக்கணிக்க வேண்டுமா, ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 எனக் கொள்வதா, 10 எனக் கொள்வதா என்பவற்றை வினாவிலேயே சொல்லிவிட வேண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டி ஓட்டும் சிறுவனைக் கணக்கில் வைத்தால், விடை பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் நல்ல பழக்கத்தை நாமே கெடுக்கிறோம்.

மதிப்பெண் வழங்குவதில், அடுத்தடுத்த உட்பிரிவுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு. முடுக்கத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து விசையையும், விசையிலிருந்து வேலையையும் காணச் சொல்லும் வினாவில், முதற்படியில் வகுத்தலில் பிழை செய்த மாணவர் மூன்று பிரிவுகளிலும் மதிப்பெண் இழந்தால், ஒரே பிழைக்கு மூன்று தண்டனை கிடைக்கிறது. தவறான முடுக்கத்தை வைத்தே பின்வரும் படிகளைச் சரியாகச் செய்திருந்தால், அவற்றுக்கு மதிப்பெண் தரலாம் என்பதை விடைக்குறிப்பில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

திருத்தி முடித்தபின் கூட்டுத்தொகையைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, விடைத்தாள்களைக் கட்டிவைத்துவிடுகிறோம். எந்த வினாவில் எந்தத் தவறான தெரிவை எத்தனை பேர் குறித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. லாரியும் காரும் மோதும் வினாவில், லாரி காரின்மீது செலுத்தும் விசையே பெரிது என்று வகுப்பில் பாதிப்பேர் குறித்திருந்தால், மூன்றாம் விதியை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று கொள்ளக் கூடாது. விசை சமமாக இருந்தும் நிறை குறைந்த காரின் முடுக்கம் அதிகமாக இருப்பதை, அதாவது விளைவை, அவர்கள் விசையாக எண்ணுகிறார்கள் என்றே கொள்ள வேண்டும். அடுத்த பாடவேளையில் விதியைத் திரும்பச் சொல்வதால் இது தீராது. விசை, நிறை, முடுக்கம் மூன்றையும் இரு வண்டிகளுக்கும் தனித்தனியே எழுதிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

மறுதேர்வு வைக்கும்போது எண்களை மட்டும் மாற்றி அதே வினாவைக் கேட்பதால் பயனில்லை. சூழலையே மாற்ற வேண்டும். பந்தின் உச்சிக்குப் பதிலாக, சாய்தளத்தில் மேலேறி ஒரு கணம் நின்று கீழிறங்கும் வண்டியைக் கேட்கலாம். அல்லது ஊசல் தன் வீச்சின் ஓரத்தை எட்டும் கணத்தைக் கேட்கலாம். அங்கும் திசைவேகம் சுழி, முடுக்கம் சுழியன்று.