லாவா எந்தப் பக்கம் ஓடும்? கணினியில் கணக்குப் போடும் விதம்

லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, எந்த வழியில் ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் உயர வரைபடம் எந்த வருடத்தது?"

இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற தரை உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளியிலிருந்து ரேடார் வைத்து எடுத்தது. இத்தாலியின் எட்னா எரிமலையில் 2001-இல் ஓடி உறைந்த லாவா அதில் கிடையாது. உறைந்தது மேடாகிவிடும், அடுத்து வருவது அதை ஒட்டி விலகித்தான் ஓடும். அந்த மேடே இல்லாத வரைபடத்தில் எதை ஓட்டினாலும் பாதை தப்பும். இன்னொன்று, அடர்ந்த காட்டின் தலையையும் ரேடார் ஏறக்குறைய தரையாகவே எடுத்துக்கொள்ளும். சரிவுகளுக்கு நிழல் போட்டு ஒருமுறை கண்ணால் பாருங்கள். காட்டோரத்தில் திடீரென்று ஒரு படி தெரிந்தால் அது மரமாக இருக்கலாம்.

அப்புறம், லாவா கிளம்பும் இடம். உச்சியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகராதீர்கள். 2018-இல் ஹவாயின் கிலாவேயா எரிமலையில் பிளவுகள் திறந்தது உச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, லெயிலானி எஸ்டேட்ஸ் குடியிருப்புக்குள். பழைய பிளவுகளையும் சிறு கூம்புகளையும் குறித்து, அவை நெருங்கிக் கிடக்கும் இடத்துக்கு அதிக வாய்ப்புக் கொடுங்கள்.

தொடங்க டவுன்ஃப்ளோ முறை போதும். உயர வரைபடம் சிறு சிறு கட்டங்களாக இருக்கும்; ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் தற்செயலாக ஓரிரு மீட்டர் கூட்டிக் குறைத்து, மிகச் செங்குத்தான வழியில் ஒரு கோட்டை இறக்குங்கள். இதை ஆயிரக்கணக்கான முறை செய்தால், கோடுகள் அதிகம் தொட்ட கட்டம் எது என்று தெரியும். அதைக் கிளம்பும் வாய்ப்போடு பெருக்குங்கள். ஆனால் இந்த முறைக்கு நேரமும் தெரியாது, எங்கே நிற்பது என்றும் தெரியாது; பழைய ஓட்டங்களின் நீளத்தை வைத்து நாம்தான் வெட்ட வேண்டும். "எத்தனை மணிக்கு ஊருக்குள் வரும்?" என்று அதிகாரி கேட்டால், வெளியேறும் வேகம், பாகுத்தன்மை (குழம்பின் கெட்டித்தன்மை), குளிர்தல் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும் மேக்ஃப்ளோ போன்ற முறைகளுக்குத்தான் போக வேண்டும்.

சரி பார்க்க, பழைய ஓட்டம் ஒன்றை அதற்கு முந்தைய உயர வரைபடத்தில் ஓட்டுங்கள். கணினி காட்டிய ஓட்டமும் உண்மையில் ஓடியதும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பால் வகுங்கள். 1 என்றால் அச்சு அசல். 0.5 தாண்டினாலே நான் மேலே போவேன்.

கடைசியில் சாலைகள். கிலாவேயாவில் 132, 137 நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளை லாவா மூடியது. வீடு தப்பி வழி அடைபட்ட பகுதியைத் தனி நிறத்தில் காட்டுங்கள். 30 மீட்டர் கட்டத்தை வைத்துத் தனி வீட்டின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது என்பதை வரைபடத்தின் உச்சியிலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.