ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததா? மருத்துவப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி முதலில் போடப்பட்டது மருத்துவப் பணியாளர்களுக்குத்தான்; வைரஸை வார்டில் அன்றாடம் எதிர்கொண்டவர்களும் அவர்களே. ஆகவே, பிறகு அவர்களில் ஒருவருக்கு மூட்டுவலியோ தீராத சோர்வோ வந்தால், தொற்று காரணமா, ஊசி காரணமா என்று பிரித்தறிவது கடினமாகிறது.

பரவலான தவறு, குறிப்பான அறிகுறி ஏதுமின்றி, லேப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் செல்களையே தாக்குகிறதா என்று அறிய உதவும் ஏ.என்.ஏ. என்ற ரத்தச் சோதனையைச் செய்துகொள்வது. நலமாக இருப்பவர்களிலேயே ரத்த சீரத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:40 அளவில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கும், 1:160 அளவில் 5 சதவீதத்தினருக்கும் அது பாசிட்டிவாக வந்ததை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொற்றுக்குப் பின் தோன்றிச் சில வாரங்களில் மறையும் எதிர்ப்பொருள்களும் உண்டு. ரத்தம் உறைவதைத் தூண்டக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளை 12 வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பது அதனால்தான்.

முன்பு தொற்று வந்ததா என்று பார்க்கும்போதும் கவனம் தேவை. கோவிஷீல்டு தடுப்பூசி வைரஸின் மேற்புறத்திலுள்ள ஸ்பைக் புரதத்தை மட்டுமே உடலுக்குக் காட்டுகிறது. எனவே அதை மட்டும் போட்டவரிடம் வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால், பெரும்பாலும் தொற்று வந்துபோயிருக்கிறது என்று கொள்ளலாம். முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்த கோவாக்சினைப் போட்டவரிடம் அதே முடிவு எதையும் உறுதிப்படுத்தாது.

கால வரிசையைக் காரணமாகக் கொள்வதன் விளைவைப் பிரான்ஸ் அனுபவித்தது. அங்கே 1991 முதல் மருத்துவப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கட்டாயமானது. ஊசிக்குப் பின் மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் வந்ததாகச் செய்திகள் பரவ, 1998-இல் பள்ளிகளில் அந்த ஊசித் திட்டமே நிறுத்தப்பட்டது. இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுப் பெண்களிடமே தொடங்குகிறது. செவிலியர் பணியில் அந்த வயதுப் பெண்களே மிகுதி என்பதால், ஊசி இல்லாமலேயே சிலருக்கு அது வந்திருக்கும். அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து 2001-இல் வெளியான ஆய்வு, ஊசிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு காணவில்லை.

இதைச் சொல்லி எல்லாவற்றையும் மனப்பதற்றம் என்று ஒதுக்குவது அதைவிட ஆபத்தானது. 1976-இல் அமெரிக்காவில் போடப்பட்ட பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி, லட்சத்தில் ஏறக்குறைய ஒருவருக்குக் கூடுதலாக, நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைப் பலவீனமாக்கும் கில்லன் பாரே நோயைத் தந்தது. கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின் சில வாரங்களுக்குள் கடுந்தலைவலியும் ரத்தத் தட்டணுக் குறைவும் சேர்ந்து வந்தால், அரிதான ரத்த உறைவு நோயைச் சந்தேகித்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைத் தராமல், தட்டணுப் புரதம் ஒன்றுக்கு எதிரான பி.எஃப்.4 எதிர்ப்பொருளைச் சோதிக்க வேண்டும். காலில் தொடங்கி மேலேறும் பலவீனத்துக்கு அன்றே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பரிசோதனைக்கு முன்பே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தாமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அறிகுறிகள் மங்கிப்போய், எந்த நோய் என்பதே பிறகு தெரியாமல் போகலாம்.