மாட்டு மருந்தில் சந்தேகமா? பேட்ச் நம்பரிலிருந்து தொடங்குங்கள்

"ஊசி போட்டும் கேக்கல சார், மருந்து டூப்ளிகேட்டா இருக்குமோ?" கடலூர், பாகூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் பேச உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. நியாயமான கேள்விதான். ஆனால் "என்ன மருந்து, எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி)?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. டப்பா குப்பைக்குப் போயிருக்கும், பில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்ததோடு அரசின் வேலை முடிவதில்லை. கடைக்கு வந்த மருந்தையும் அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் மனுஷ மருந்து, மாட்டு மருந்து இரண்டும் அடக்கம். ஆனால் ஒரு மருந்து ஆய்வாளர் எத்தனை கடையைத்தான் பார்ப்பார்? எதை எடுத்துச் சோதிக்கலாம் என்று அவருக்குத் துப்பு கொடுக்க மாட்டுக்கொட்டகையில் இருப்பவரால்தான் முடியும். அந்தத் துப்பை உருப்படியாகக் கொடுக்கும் வழியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வாங்கும்போதே போட்டோ எடுங்கள்

பில் கேளுங்கள். அதில் மருந்தின் பெயரோடு பேட்ச் நம்பரும் இருக்கட்டும். அப்புறம் போனில் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள்: பெயர், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, எக்ஸ்பயரி, கம்பெனி முகவரி, தயாரிப்பு லைசென்ஸ் நம்பர். கால்நடை மருந்தென்றால் ஒரு வீட்டு விலங்கின் தலைப்படமும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல, விலங்குச் சிகிச்சைக்கு மட்டுமே என்ற வாசகமும் லேபிளில் இருந்தாக வேண்டும்.

மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதும் அதே லேபிளில் இருக்கும். அப்படி எதுவும் போடவில்லை என்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது விதி.

லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா என்பதைக் கவனமாகப் பாருங்கள். பால் கூடும், ஈரல் பலப்படும் என்று கலர் கலராக அடுக்கி வைத்திருக்கும் டின்களில் பல, தீவனச் சத்துப்பொருள் என்ற பெயரில் விற்பவை. அவற்றில் மருந்துத் தயாரிப்பு லைசென்ஸே இருக்காது. அதைக் கொண்டுபோய் மருந்து ஆய்வாளரிடம் நீட்டினால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், ஒரு டின்னுக்குக் கொடுக்கும் காசில் நல்ல தவிடு, பிண்ணாக்கு வாங்கிப் போடலாம்.

இன்னொன்று. லேபிளில் டைக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்று இருந்தால் தரச் சோதனைக்கே போக வேண்டியதில்லை. இந்த வலி மருந்துகள் போட்ட மாடு செத்து, அதைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. அதனால் டைக்ளோஃபெனாக்குக்கு 2006-லும், மற்ற இரண்டுக்கும் 2023-லும் கால்நடைப் பயன்பாட்டில் தடை வந்தது. விற்பதே குற்றம்.

படி 2: கண்ணால் தெரிவதைப் பாருங்கள்

கால்சியம் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தூசியோ, நூல் போல ஏதாவதோ, கற்கண்டுத் துகள் போல அடியில் படிந்திருப்பதோ தெரிந்தால் அதை நரம்பில் ஏற்றக் கூடாது. கழுத்துப் பக்கம் பிசுபிசுப்பு இருந்தால் மூடி கசிகிறது என்று அர்த்தம். கரைத்துப் போடும் ஊசி மருந்துப் பொடி, குப்பியைத் தட்டினால் உதிர வேண்டும். கட்டியாக ஒட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. நம் கடலோரக் காற்றுக்கு இது சாதாரணமாக நடப்பதுதான். குடற்புழு நீக்கத் திரவ மருந்து அடியில் தங்குவது இயல்பு. ஆனால் நன்றாகக் குலுக்கியும் கலங்கவில்லை என்றால் மேலே ஒரு வீரியம், கீழே ஒரு வீரியம் என்று ஆகிவிடும்.

குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி என்பது கணக்கு. கோமாரி தடுப்பூசி உறைந்தாலும் கெட்டதுதான், ஐஸுக்குள் புதைத்து வைப்பது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது போன்ற நாட்களுக்குப் பிறகு தடுப்பூசி வாங்கினால், கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜ் எப்படி ஓடியது என்று கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கண்ணுக்குச் சரியாகத் தெரிவதெல்லாம் சரியான மருந்து என்று சொல்லிவிட முடியாது. உள்ளே மூலப்பொருள் பாதிதான் இருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்லும்.

படி 3: மருந்தைக் குறை சொல்லும் முன் அளவைப் பாருங்கள்

மருந்து கேட்கவில்லை என்று வருபவற்றில் கணிசமானவை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். பூச்சி மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். ஆல்பெண்டசோல் மாட்டுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 7.5 முதல் 10 மில்லிகிராம் வரை. கடையில் கிடைக்கும் பெரிய மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் 1.5 கிராம் இருக்கும். உங்கள் மாடு எத்தனை கிலோ?

தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பின்புறப் பிட்டத்து எலும்பு வரை இன்னொரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் தோராயமாகக் கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 130 என்றால் சுமார் 307 கிலோ. அந்த மாட்டுக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு 5 மில்லிகிராம்கூடத் தேறாது. இரண்டு வேண்டும். பூச்சி சாகாததற்கு அங்கே கம்பெனி என்ன செய்யும்? (சினை பிடித்த புதிதில் ஆல்பெண்டசோல் கூடாது, டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.)

அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், மருந்துக்கு முன் ஒரு முறையும் 10 முதல் 14 நாள் கழித்து ஒரு முறையும் சாணியைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் புழு முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். முட்டை குறையவே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: மருந்து தரமில்லை, அல்லது அந்தப் புழுவுக்கு மருந்து பழகிவிட்டது. வேறு கம்பெனியின் அதே மருந்து கேட்டால் முதல் காரணத்தின் பக்கம் சாயலாம். அதுவும் கேட்கவில்லை என்றால் இரண்டாவது. மடிநோய்க்கும் இதே யோசனைதான். அங்கே பாலைச் சோதித்து எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று பார்ப்பார்கள்.

ஒரே பேட்ச் ஊசி போட்ட பல மாடுகளுக்கு ஒரே மாதிரி வீக்கமோ நடுக்கமோ வந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். மருந்தை நிறுத்திவிட்டு, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

படி 4: மிச்சத்தைக் காப்பாற்றுங்கள்

பயன்படுத்திய குப்பியைக் கழுவாமல், மூடியோடு, தனிக் கவரில் போட்டு, லேபிளில் சொன்ன வெப்பத்தில் வையுங்கள். என்றைக்கு, எந்த மாட்டுக்கு, எவ்வளவு, யார் போட்டது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போடுங்கள்.

ஆனால் திறந்த குப்பி ஆய்வகத்துக்குப் பாதிதான் உதவும். ஊசி ஒரு முறை குத்திவிட்டால், கிருமி கம்பெனியில் புகுந்ததா கொட்டகையில் புகுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பேட்சில் பிரிக்காத குப்பிதான் வேண்டும். அதனால் கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள். மறுநாள் அந்த பேட்ச் அலமாரியில் இருக்காது.

படி 5: யாரிடம் போவது?

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் குழம்புகிறார்கள். பாகூர்காரர் கடலூரில் மருந்து வாங்குவார், கடலூர்க்காரர் புதுச்சேரியில் வாங்குவார். மாடு எங்கே நிற்கிறது என்பது கணக்கில்லை, கடை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் கடை என்றால் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர். வில்லியனூர், பாகூர் கடை என்றால் புதுச்சேரி அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. அரசு மருந்தகத்தில் கொடுத்த மருந்தென்றால் முதலில் அங்குள்ள கால்நடை மருத்துவரிடமே எழுத்தில் கொடுங்கள். அதே பேட்ச் மற்ற மருந்தகங்களிலும் இருக்கும்.

புகார் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பேட்ச் நம்பர், கடைப் பெயர், வாங்கிய தேதி, நடந்தது, டாக்டர் சொன்னது. "போலி மருந்து" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள், "தரத்தில் சந்தேகம்" போதும்.

ஆய்வாளர் வழியே போகாமல் நேரடியாகவும் செய்யலாம். சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம். எத்தனை குப்பி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு போதாது.

படி 6: அதன்பிறகு நடப்பது

ஆய்வாளர் கடையில் மாதிரியை விலை கொடுத்தே எடுப்பார். அதை நான்கு பங்காக்கி முத்திரை வைப்பார்: ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று கடைக்காரருக்கு அந்த மருந்தைக் கொடுத்தவருக்கு. ஆய்வகத்தில் மூலப்பொருள் அளவு, மாத்திரை கரையும் விதம், ஊசி மருந்தென்றால் கிருமியற்ற தன்மை என்று மருந்துக்குத் தக்கபடி பார்ப்பார்கள். அறிக்கையைக் கடைக்காரரோ, அவருக்கு மருந்து கொடுத்தவரோ ஏற்கவில்லை என்றால் 28 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கிருக்கும் பங்கை கொல்கத்தா மத்திய மருந்து ஆய்வகத்துக்கு அனுப்ப வழி உண்டு. ஆகவே இழுக்கும், பொறுமை வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் இணையதளத்தில் மாதாமாதம் போடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலைப் பாருங்கள். மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், கம்பெனி, எந்தச் சோதனையில் தோற்றது என்று வரிசையாக இருக்கும். பெயரைப் பார்த்ததும் அந்தக் கம்பெனி மருந்தையெல்லாம் தூக்கிப் போட வேண்டாம். தோற்றது அந்த ஒரு பேட்ச். உங்கள் போனில் இருக்கும் போட்டோவோடு நம்பரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பொருந்தினால் அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.