பழைய பைபிள் அச்சுப்படம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைபிள் கதைகளைச் செதுக்கி அச்சடித்த பழைய படங்களைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்கள் வாங்கியதை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வெயிலில் மாட்டக் கூடாது, ஈரச் சுவர் ஆகாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தகட்டுத் தடத்தை நம்பிப் பணம் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. செப்புத் தகட்டை ஈரக் காகிதத்தோடு சேர்த்து உருளையில் அழுத்தினால் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளம் இருந்தால் அசல் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். தெரிந்த தம்பி ஒருவர், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1655இல் செய்த ‘ஆபிரகாமின் பலி’ என்று நம்பி ஒரு படத்தைச் சட்டத்தோடு வாங்கினார். இரண்டு மாதச் சம்பளம். பின்னட்டையைப் பிரித்தால், காகிதத்தின் முதுகில் அமாந்-துராந் என்ற சிவப்பு முத்திரை. 19ஆம் நூற்றாண்டில் ரெம்பிராண்ட், ஜெர்மன் ஓவியர் டியூரர் ஆகியோரின் படங்களைப் புகைப்பட முறையில் செப்புத் தகட்டுக்கு மாற்றி அருமையாக மறுபதிப்புச் செய்த பிரெஞ்சுக்காரர் அவர். அவரும் தகட்டில்தானே அச்சடித்தார், தடம் விழாமல் இருக்குமா? அவர் மறைக்கவில்லை, முத்திரை குத்தித்தான் விட்டார். அதன்மேல் அட்டையை வைத்து மூடி அசல் விலைக்கு விற்கிறார்களே, அவர்கள்மீதுதான் கோபம்.

கடவுள் கேட்டதற்காக மகன் ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாமைத் தேவதூதர் தடுக்கும் காட்சி அது. அசலில் தேவதூதர் பின்னாலிருந்து ஆபிரகாமைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார். மகன் கத்தியைப் பார்த்துவிடாதபடி தகப்பனின் கை ஈசாக்கின் கண்களை மூடியிருக்கிறது. இதே காட்சியை ரெம்பிராண்ட் தீட்டிய 1635 ஓவியத்தில் கத்தி நழுவி விழுகிறது, இங்கே இன்னும் கையிலேயே இருக்கிறது. ஊசியால் நேரடியாகக் கீறிய கோடுகளின் ஓரத்தில் செம்புப் பிசிறு நிற்கும், அது மையைப் பிடித்து வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பைத் தரும், கொஞ்சம் பிரதிகள் எடுத்ததுமே தேய்ந்துவிடும். புகைப்பட மறுபதிப்பில் அந்தக் கறுப்பு தட்டையாகக் கிடக்கும்.

ஆகவே சட்டத்தைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியக் காகிதத்தில் சல்லடைக் கம்பியின் கோடுகள் தெரியும். கோடே இல்லாத ஐரோப்பியக் காகிதம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது, ரெம்பிராண்ட் இறந்ததோ 1669இல். கோடு இருந்துவிட்டால் மட்டும் அசலாகிவிடாது, அதையும் மறக்க வேண்டாம்.

பெயர்ச் சின்னத்தைப் பார்த்து மயங்குவது

டியூரர் தன் படங்களில் AD என்ற எழுத்துகளைச் சின்னமாகப் போடுவார். அவர் உயிரோடு இருந்தபோதே, மரியாளின் வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய படவரிசையை இத்தாலியச் செதுக்கர் மார்க்கன்டோனியோ ரைமோண்டி அந்தச் சின்னத்தோடு சேர்த்தே நகலெடுத்தார்.

பின்னால் எழுத்து இருக்கிறதென்று ஒதுக்குவது

ஒதுக்காதீர்கள். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் டியூரர் மரச்செதுக்குகள் 1511இல் லத்தீன் பாட்டோடு புத்தகமாகவே வந்தவை, அதனால் படத்தின் முதுகில் எழுத்து இருக்கலாம்.

செலோடேப்

ஒட்டவே ஒட்டாதீர்கள்.

டோரே படங்களில் தகட்டுத் தடம் தேடுவது

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் 1866 பைபிள் படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை, அவற்றில் தகட்டுத் தடத்துக்கே வேலையில்லை. டோரே வரைந்தார், செதுக்கியது பிசான் போன்ற கைகள். படத்தின் அடியில் டோரே பெயரோடு செதுக்கியவர் பெயரும் இருக்கும், வாங்கும்போது அதையும் குறித்து வையுங்கள்.