ஒரு வெப்பச் சுழற்சி நடக்குமா, நடக்காதா? என்ட்ரோபி வைத்துக் கண்டுபிடிக்கலாம்

527 டிகிரி செல்சியஸில் 1000 கிலோஜூல் வெப்பம் வாங்கி, 650-ஐ வேலையாக்கி, மிச்சம் 350-ஐ 27 டிகிரியில் வெளியே விடுகிறது ஒரு வெப்ப இயந்திரம். இப்படி ஒன்று சாத்தியமா? தேர்வுக்குப் படித்தபோது இதே மாதிரி ஒரு கணக்கில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.

முதலில் வரவு செலவு. 650 + 350 = 1000. ஆற்றல் கணக்கு சரி. இதுவே இடித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து கிளாசியஸ் சமனிலி, அதாவது வெப்பத்தோடு கைமாறும் என்ட்ரோபியின் (வெப்பம் ÷ வெப்பநிலை) கணக்கு. உள்ளே வரும் வெப்பத்துக்குக் கூட்டல் குறி, வெளியே போவதற்குக் கழித்தல் குறி. ஒவ்வொன்றையும் அது கைமாறும் இடத்தின் வெப்பநிலையால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். விடை எதிர்மறை என்றால் நடக்கும். பூஜ்ஜியம் என்றால் மீள் சுழற்சி (இழப்பே இல்லாமல், பின்னோக்கியும் ஓட்டக்கூடியது), அதுதான் எல்லை. நேர்மறை என்றால் நடக்கவே நடக்காது.

நான் தவறியது வகுக்கும் இடத்தில். செல்சியஸிலேயே வகுத்துவிட்டேன். 1000/527 = 1.90, 350/27 = 12.96. கூட்டுத்தொகை −11.06. நடக்கும் என்று எழுதிவிட்டேன். கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டி) போட்டுப் பாருங்கள்: 1000/800 = 1.250, 350/300 = 1.167. கூட்டுத்தொகை +0.083. நடக்காது! செல்சியஸின் பூஜ்ஜியம் தண்ணீர் உறையும் புள்ளி மட்டுமே. உருகும் பனிக்கட்டியில் வெப்பம் விடும் இயந்திரம் என்றால் பூஜ்ஜியத்தால் அல்லவா வகுக்க வேண்டிவரும்? இந்த இயந்திரம் குறைந்தது 375 (1.250 × 300) கிலோஜூலாவது வெளியே விட்டாக வேண்டும். கார்னோ எல்லை, அதாவது இந்த இரு வெப்பநிலைகளுக்கு நடுவே வெப்பத்தில் அதிகபட்சம் வேலையாகக்கூடிய பங்கு, 62.5 சதவீதம், கேட்பதோ 65.

மென்பொருள் எதுவும் வேண்டாம். கால்குலேட்டரும், கெல்வினுக்கென்று தனி நெடுவரிசை போட்ட ஒரு தாளும் போதும். வெப்பநிலை–என்ட்ரோபி வரைபடத்தில் தொடங்காதீர்கள் என்பேன். மூடிய வளைவை யாரும் வரைந்துவிடலாம். வெப்ப மூலம் எத்தனை கெல்வினில் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

பின்சேர்க்கை: வேலையை ஏன் வகுக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேலை என்ட்ரோபியைச் சுமந்து வராது, அதனால் தாளில் அதற்கென்று ஒரு வரியே கிடையாது. சுழற்சி முடிந்தால் என்ட்ரோபி மாற்றம் பூஜ்ஜியம்தானே என்பது இன்னொரு கேள்வி. அது உள்ளே சுற்றும் பொருளுக்கு. நாம் சோதிப்பது சுற்றுப்புறத்தின் கணக்கை.

அப்புறம், ஃபிரிட்ஜுக்கும் இதே வழிதான். உள்ளே 270 கெல்வின், அறை 300 கெல்வின். 900 கிலோஜூலை வெளியேற்ற 90 வேலை போதும் என்று ஒருவர் சொன்னால்: 900/270 = 3.333; அறைக்குப் போவது 900 + 90 = 990, 990/300 = 3.300. மிச்சம் +0.033. முடியாது. வேலையை 100 ஆக்கினால் சரியாகப் பூஜ்ஜியம் வரும்.