பழைய ஸ்விஃப்ட்டின் சஸ்பென்ஷன்: சத்தத்தை வைத்துச் செலவைக் கணிப்பது எப்படி

2011 ஆகஸ்டில் வந்து, 2018 தொடக்கத்தில் அடுத்த தலைமுறைக்கு வழிவிட்ட மாருதி ஸ்விஃப்ட், பழைய கார் தேடுபவர்களின் கண்ணில் இன்றும் அடிக்கடி படும் சிறிய கார்களுள் ஒன்று. வாங்குபவர் பெரும்பாலும் எஞ்சினையும் பெயிண்டையும்தான் பார்க்கிறார். அடியிலிருந்து ஏதோ சத்தம் வருகிறதே என்று கேட்டால், "வெறும் புஷ்தான் (ரப்பர் உறை) சார், ஐந்நூறு ரூபாய் வேலை" என்ற பதில் தயாராக இருக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். இருபதாயிரம் ரூபாய் வேலையாகவும் இருக்கலாம். எது என்பதை, விலை பேசி முடிப்பதற்கு முன்பே, பெரிய கருவிகள் இல்லாமல் பெருமளவு கண்டுபிடித்துவிட முடியும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ளது. அதன் தலை, ரப்பர் மவுண்ட் வழியாகப் பாடியோடு சேர்கிறது. கீழே சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம், அதில் ரப்பர் புஷ்களும், பல திசைகளிலும் திரும்பும் உருண்டை மூட்டான ஒரு பால் ஜாயின்ட்டும் இருக்கின்றன. வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைப்பது விரல் தடிமனுள்ள லிங்க் ராடு. பின்பக்கம் டார்ஷன் பீம் என்னும் ஒரே குறுக்குச் சட்டம். அங்கே தேய்வதற்கு உறுப்புகள் குறைவு என்பதால் செலவின் பெரும்பகுதி முன்பக்கத்தில்தான் வருகிறது. அதிலும் 1,248 சிசி டீசல் வண்டி பெட்ரோலைவிட ஏறத்தாழ 100 கிலோ கூடுதல் எடை கொண்டது. அந்த எடையில் பெரும்பகுதி மூக்கின் மேல் உட்காருவதால், டீசல் வண்டியின் லோயர் ஆர்ம் புஷ்கள் விரைவில் கிழிகின்றன.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் உங்களைப் புறவழிச் சாலைக்கு அழைத்துச் செல்வார், பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டையும் ஏசியையும் நிறுத்தி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு ஒன்றைத் தேடி, 15 அல்லது 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். சிறு கற்களின் மேல் ஏறி இறங்கும்போது இடைவிடாமல் லொடலொடவென்று மெல்லிய சத்தம் வந்தால், முதலில் லிங்க் ராடைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளத்தில் விழும்போதோ, மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்தும்போதோ 'டங்' என்று ஒரே அடியாகக் கேட்டால் அது பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முனகலும், ஸ்பிரிங் துள்ளுவது போன்ற உணர்வும் இருந்தால் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் வீல் பேரிங்குடையது. முழுதாகத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வரும் 'டக் டக்', எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ஆக்சில் ஜாயின்ட்டுடையது. இவை இரண்டையும் சஸ்பென்ஷன் கணக்கில் சேர்த்து மொத்தமாகப் பேசும் பழக்கம் உண்டு, பிரித்தே பேசுங்கள்.

பானட்டை அழுத்தி விட்டு வண்டி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனையை நான் அதிகம் நம்புவதில்லை. முற்றிலும் செத்துப்போன ஷாக்கை அது காட்டும், பாதி செத்ததைக் காட்டாது. டயர் அதைவிட நேர்மையான சாட்சி: மேற்பரப்பில் கையைத் தடவினால் அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்பட்டால் ஷாக் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஷாக்கின் மேல் லேசான எண்ணெய்ப் பூச்சும் தூசியும் இருப்பது சாதாரணம். தூணின் கீழ்ப்பகுதிவரை ஈரம் வடிந்திருந்தால் அது மாற்ற வேண்டியதே. அடிப்பகுதி பளிச்சென்று கழுவப்பட்டிருந்தால், ஓட்டித் திரும்பிய பிறகு மறுபடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை வண்டியானால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைவில் வைத்து, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் துரு அரித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

அடுத்தது ஜாக்கி. வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்காமல் எவரும் அடியில் தலையை நுழைக்கக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் வரும் ஆட்டம் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் வருவது டை ராடு எண்ட், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை. லிங்க் ராடை மட்டும் இப்படிச் சோதிக்கக் கூடாது என்பதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். என் காரின் லொடலொடப்புக்கு ஒரு பட்டறையில் இரண்டு முன் ஷாக்குகளையும் மாற்றினார்கள். வெளியே வந்து முதல் வேகத்தடையைத் தாண்டுவதற்குள் அதே சத்தம் கேட்டது. குற்றவாளி லிங்க் ராடுதான். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கமாக இழுத்துப் பிடிப்பதால், தேய்ந்த ஜாயின்ட்டும் புதியதைப் போல அசையாமல் நிற்கும். இரண்டு முன் சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்கியோ, நான்கு சக்கரங்களும் ஊன்றி நிற்கும் ராம்ப்பிலோ பார்த்தால்தான் ஆட்டம் தெரியும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வீல் அலைன்மெண்ட் பார்க்கச் சொல்லி, அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் காரில் டோ அளவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவைத் திருகிச் சரிசெய்யலாம். கேம்பருக்கு, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவுக்கு, அப்படித் தனி வசதி கிடையாது. ஆகவே ஒரு பக்கக் கேம்பர் மட்டும் வெகுவாக விலகியிருந்தால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அதாவது வண்டி எங்கேயோ பலமாக அடி வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை நான் விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

இனிச் செலவு. ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், தனியார் பட்டறையில் பேரம் பேசுவதற்கு இந்தத் தோராயக் கணக்கு போதும். இரண்டு லிங்க் ராடுகளுக்கு 1,200 முதல் 1,800 ரூபாய், கூலி சில நூறு. லோயர் ஆர்ம் ஜோடி 3,500 முதல் 5,000. முன் ஷாக் ஜோடி 4,500 முதல் 6,000. அதைக் கழற்றும்போதே மவுண்ட், பேரிங் ஆகியவற்றை மாற்ற 1,500 முதல் 3,000. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் கூலி 2,500 முதல் 4,000, அலைன்மெண்ட் 500க்கு மேல். முன்பக்கம் முழுவதையும் புதுப்பிக்க ஆக 14,000 முதல் 20,000 வரை ஆகும். பின் ஷாக் ஜோடி 2,500 முதல் 3,600 ரூபாயில் முடியும், அதிகக் கூலியும் பிடிக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், பழைய விலைப்பட்டியலைக் காட்டுபவரிடம் அதை நினைவூட்டலாம்.

புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றினால் சில நூறுகளில் முடியுமே என்று தோன்றும். பால் ஜாயின்ட் இன்னும் இறுக்கமாக இருந்தால் அது சரியான சிக்கனம். 80,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் ஆர்மை முழுதாக மாற்றுவதே மேல், இல்லையென்றால் அதே கூலியை அடுத்த ஆண்டும் கொடுக்க நேரும். ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்ற வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஷாக், புஷ், பால் ஜாயின்ட் ஆகிய மூன்றையும் அங்கே வாங்காதீர்கள். ஸ்பிரிங் வாங்கினால் டீசல் வண்டிக்கு டீசலுடையதையே கேட்டு வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொண்டு, சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிந்துவிடும். எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு முதலில் சத்தம் கேட்ட அதே தெருவுக்கு அவரையும் உட்காரவைத்து ஓட்டிச் சென்று பார்த்துவிட்டு, மீதிப் பணத்தைக் கொடுங்கள்.